தங்கைக்கு மேசை: என்ன விலை சொல்லலாம்?
ஆறு வருடம் புழங்கிய சாப்பாட்டு மேசையையும் ஆறு நாற்காலிகளையும் தங்கை கேட்கிறார், என்ன விலை சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே மரம், அதே அளவில் பழைய சாமான் விளம்பரங்கள் நான்கைந்து பாருங்கள். அவற்றில் இருப்பது விற்பவர் கேட்கும் விலைதான், பேரத்தில் குறையும். நடுவிலையை எடுத்து, வெளியாரிடம் விற்கும் அலைச்சல் மிச்சமாவதற்காகக் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்.

அதற்கு முன் நாற்காலிகளைக் கவிழ்த்துப் பாருங்கள். கால் ஆடினால் இணைப்பில் பசை விட்டுப்போயிருக்கும். ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். பழைய பசையைச் சுரண்டிப் புதிதாக ஒட்டி 24 மணி நேரம் இறுக்கிக் கட்டி வையுங்கள். அடியில் மாவுபோல் தூள் உதிர்ந்தால் வண்டு துளைக்கிறது. தயவுசெய்து மறைக்காதீர்கள், அவர் வீட்டு மரச்சாமான்களுக்கும் பரவும். தவணை என்றால் தேதியோடு வாட்ஸப்பில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டிக்கூலி யார் தருவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.