ஈபேயில் 1391401 எண் உள்ள ஐபிஎம் மாடல் எம் கீபோர்டுக்கு 'மிக அரிது' என்று போட்டு 350 டாலர் கேட்கிறார்கள். நிஜமாகவே அரிதா, வாங்கலாமா?

அந்த விலைக்கு வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் பார்ட் நம்பரே பதிலைச் சொல்லிவிடுகிறது. மாடல் எம் வரிசையில் அமெரிக்காவில் அதிகம் புழங்கியதே 1391401 தான். 80களின் பிற்பகுதியில் ஐபிஎம் கணினிகளோடு அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சேர்ந்தது. உழைக்கிற பொருள் என்பதால் ஏராளமானவை இன்னும் பிழைத்திருக்கின்றன, ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

நல்ல கீபோர்டா என்று கேட்டால், அருமையான கீபோர்டு. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில் இருக்கிறது. அழுத்தும்போது அது சட்டென்று மடங்கி 'டக்' என்று ஒலிக்கும், எழுத்து பதிவாகிவிட்டது என்று விரலுக்கே தெரியும். தினமும் இதில் தட்டச்சு செய்கிறவன் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் இந்த வடிவமைப்பு இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. ஐபிஎம்மிடமிருந்து 1991-ல் லெக்ஸ்மார்க்குக்குப் போய், 1996-லிருந்து கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் யூனிகாம்ப் நிறுவனம் செய்துவருகிறது. அங்கே புதுசு வாங்கினால்கூட 350 டாலர் ஆகாது.

விலையைத் தெரிந்துகொள்ள, விற்பனைக்கு இருப்பவற்றைப் பார்த்துப் பயனில்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, அதே பார்ட் நம்பரைத் தேடுங்கள். விலைமேல் கோடு அடித்து, பேரம் ஏற்கப்பட்டது என்று காட்டினால், அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் லேபிள். மாடல் எம் கீபோர்டைத் திருப்பினால் பார்ட் நம்பர், வரிசை எண், தயாரித்த தேதி எல்லாம் ஒரே சீட்டில் இருக்கும். அந்தப் படத்தைத் தராத விற்பனையாளரிடம் பேசவே வேண்டியதில்லை. அந்த எண் 1391472 என்றிருந்தால் கதை வேறு: வலப்பக்க எண் விசைகள் இல்லாத சிறிய வடிவம் அது. குறைவாகவே வந்தது, ஆசைப்படுகிறவர்கள் நிறைய, அதனால் விலையும் பல மடங்கு. அதற்கும் மேலே, வங்கிகளுக்கான ஐபிஎம் 4704 முனையத்தோடு வந்த 62, 77 விசை மாடல் எஃப் (மாடல் எம்முக்கு முந்தைய வரிசை) கீபோர்டுகள். 'அரிது' என்ற சொல் அவற்றுக்குத் தகும். ஆனாலும் இப்போது அவற்றை அப்படியே நகலெடுத்துப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தட்டச்சு சுகம்தான் வேண்டும் என்றால் பழையதைத் தேடி அலைய வேண்டாம்.

அரிதாக இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது, தேடி வருகிற ஆளும் வேண்டும். செர்ரி ஜி81 வரிசையைப் பாருங்கள். அதன் சுவிட்சை, அதாவது விசைக்கு அடியில் அழுத்தத்தை உணரும் பாகத்தை, விரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் சில ஜி81 கீபோர்டுகளின் தடித்த கீகேப்கள் (எழுத்து அச்சிட்ட விசை மூடிகள்) இன்று பரவலாகப் புழங்கும் செர்ரி எம்எக்ஸ் சுவிட்சில் அப்படியே பொருந்தும். அதனால் கீகேப்புக்காகவே முழுக் கீபோர்டையும் வாங்குகிறார்கள். ஆப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோர்டு 2-ல் இன்னொரு சிக்கல். வெளியே ஒரே பெயர், உள்ளே சிலவற்றில் ஆல்ப்ஸ் நிறுவனத்து சுவிட்ச், சிலவற்றில் மிட்சுமி நிறுவனத்தது. சேகரிப்பவர்கள் தேடுவது ஆல்ப்ஸை. ஒரு கீகேப்பைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

வயதைப் பொய்யாகச் சொன்னால் கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸ் விசை 1994-ல் மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டோடு வந்தது, அது இருந்தால் 80களின் சரக்காக இருக்க முடியாது. நம் ஊர் டிவிஎஸ் கோல்டு கீபோர்டை 90களில் வாங்கியது என்று யாராவது விற்றால், குறுக்குக்கோடு போட்ட ரூபாய்க் குறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறியை அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான்.

நிலைமைதான் பாதி விலையைத் தீர்மானிக்கிறது. மாடல் எம் கீபோர்டின் உள்ளே, வளைந்த இரும்புத் தகட்டோடு மற்ற அடுக்குகளைப் பிடித்து நிறுத்துவது வரிசை வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் ரிவெட்டுகள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆனதால் அவை காய்ந்து, தலை தெறித்து விழும். நிறைய போய்விட்டால் அந்தப் பக்கத்து விசைகள் தளர்ந்து, 'டக்' மங்கிவிடும். விற்பவரிடம் கீபோர்டைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்து ஒரு காணொளி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே பொடிப்பொடியாக ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் அவைதான். சரிசெய்யலாம், மிச்சத்தையும் எடுத்துவிட்டு, துளை போட்டு, சின்ன திருகாணியும் நட்டும் மாட்ட வேண்டும். பொறுமையாகச் செய்தால் ஒரு நாள் வேலை. அந்த உழைப்பை விலையில் கழியுங்கள்.

மஞ்சளித்த உறைக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கீகேப் காணாமல் போயிருந்தால்தான் யோசிக்கணும்.

'சோதிக்கவில்லை' என்று போட்டிருந்தால், ஓடாது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப்புக்கு மட்டும் சற்று இரங்கலாம். அதன் வட்ட பிளக், பின்னால் வந்த ஐபிஎம் ஏடி கணினியின் கீபோர்டு பிளக்கைப் போலவே இருந்தாலும், கணினியோடு பேசும் முறை வேறு. வெறும் அடாப்டர் போதாது, சில்லு வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். அது இல்லாமல் சொருகிப் பார்த்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று நல்ல கீபோர்டையே மலிவாகத் தள்ளுகிறவர்கள் உண்டு.

உங்கள் 1391401-க்கு, நிறம் மாறாமல், கேபிளோடு, ரிவெட் சத்தம் இல்லாமல் இருந்தால் நான் 100 டாலரைச் சுற்றித்தான் பேசுவேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனம் என்பதால் கூரியர் செலவைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள், அதே எண்ணில் அடுத்தது சீக்கிரமே வரும்.