அமலோற்பவம்னா என்ன?

கத்தோலிக்க போதனைல அமலோற்பவம்னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். மலம்னா அழுக்கு, அமலம்னா அழுக்கில்லாதது, உற்பவம்னா கருவாகுறது. அதாவது மரியாள் தன் அம்மா வயித்துல கருவான அந்த முதல் நொடியிலயே ஜென்மப் பாவம் (ஆதாம் ஏவாள் வழியா எல்லா மனுஷங்களுக்கும் பிறப்புலயே வர்ற பாவம்) ஒட்டாம கடவுள் காப்பாத்தினாருங்கிற நம்பிக்கை.

காரணம் சிம்பிள். கடவுளோட மகனையே சுமக்கப் போறவங்க, பாவத்தோட பிடியில ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாதுன்னு சபை நினைக்குது. ஆனா அப்ப மரியாளுக்கு மீட்பரே தேவையில்லையான்னு ஒரு கேள்வி வரும்ல, தோமா அக்வினாஸ் மாதிரி பெரிய இறையியல் அறிஞரே இங்கதான் தயங்கினாரு. பதில் சொன்னது டன்ஸ் ஸ்கோட்டஸ்னு அவருக்கு அப்புறம் வந்த இன்னொரு இறையியல் அறிஞர், மீட்பு அவங்களுக்கும் தேவைதான், ஆனா முன்கூட்டியே கிடைச்சிடுச்சுன்னாரு. நோய் வந்தப்புறம் மருந்து குடிச்சு பிழைக்கிறவனும் இருக்கான், தடுப்பூசி போட்டு நோயே வராம தப்பிச்சவனும் இருக்கான், ரெண்டு பேரையும் காப்பாத்துனது மருத்துவம்தானே? அதே கணக்குதான், இயேசுவோட சிலுவைப் பலன் மரியாளுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருச்சு.

இவ்ளோ விவாதம் ஓடி, 1854 டிசம்பர் 8ல தான் போப் ஒன்பதாம் பத்திநாதர் இதை விசுவாச சத்தியமா, அதாவது கத்தோலிக்கர் எல்லாரும் நம்ப வேண்டிய போதனையா அறிவிச்சாரு. அமலோற்பவத் திருவிழா தேதியைப் பாருங்க, டிசம்பர் 8லருந்து சரியா ஒன்பது மாசம் தள்ளி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள்.

நிறைய பேரு இதை இயேசு கன்னி வயித்துல உருவானதுன்னு குழப்பிக்கிறாங்க, அது வேற. இது மரியாள் கருவானது பத்தி, அதுவும் அவங்க சுவக்கீன், அன்னம்மாள்னு அப்பா அம்மாவுக்கு சாதாரணமாத்தான் உருவானாங்க.