கட்டைவிரலை விட்டு இடது கையைப் பாருங்கள்

கேள்வி: பேஸ் கிட்டாரில் ஸ்லாப் (கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிப்பது) பழகத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி கணீரென்று வருவதில்லை; தந்திகள் சலசலக்கின்றன. கட்டைவிரலில் கொப்புளம் வேறு. கிட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். கொப்புளம் ஆறும்வரை நான்கு நாள் வாசிக்காமல் இருங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரலாம், தந்தி மசியாது.

கட்டைவிரல் மூட்டின் பக்கவாட்டு எலும்பு, கடைசி ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேர்மேலே தந்தியைத் தட்ட வேண்டும். தந்தி அந்த உலோகத்தில் மோதுவதுதான் ஸ்லாப்பின் பளீர் ஒலி. தட்டிய விரல் அங்கேயே தங்கினால், எழுப்பிய ஒலியை நீங்களே அணைத்துவிடுகிறீர்கள். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல முன்கை சுழன்றால் விரல் தானாகத் துள்ளி விலகும். தோளிலிருந்து அடித்தால் விலகாது. ஆள்காட்டி விரலால் இழுக்கும் 'பாப்'புக்கும் இதே கதைதான்: விரல் நுனி மட்டும் தந்திக்கு அடியில் போனால் போதும். வில்லை நாணேற்றுவதுபோல இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தந்தியின் மேல்தான் இரக்கம் வரும்.

சலசலப்புக்கு வருகிறேன். அதே தொல்லையால் நான் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையே மாற்றியவன். பணம் போனது, சத்தம் போகவில்லை. பிறகு ஒருநாள் என் வாசிப்பைப் பதிவுசெய்து கேட்டேன். நான் தட்டியது இ (E) தந்தியை. கூடவே ஏ தந்தியும் டி தந்தியும் அழையா விருந்தாளிகளாக முனகிக்கொண்டிருந்தன. குற்றவாளி என் இடது கை. ஸ்வரத்தை அழுத்தும் விரலைத் தவிர மற்ற விரல்கள் சும்மா காற்றில் நின்றன. அவை தந்திகளின் மேல் லேசாகப் படுத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பயிற்சி. இடது கையைத் தந்திகளின் மேல் பரப்பி எல்லாவற்றையும் ஊமையாக்குங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கட்டைவிரலால் ஒன்று, பாப்பால் ஒன்று என மாறி மாறி வாசியுங்கள். 'டக்' என்ற மரத்தட்டல் மட்டுமே கேட்க வேண்டும். 5, 7, 12-ஆம் ஃபிரெட்டுகளின் மேல் ஒற்றை விரல் பட்டால் மணி அடித்ததுபோல ஹார்மோனிக் என்ற மேல்ஒலி எழும். ஆகவே இரண்டு மூன்று விரல்களை வையுங்கள். 1960-களில் இந்தப் பாணியை வளர்த்த அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம், டிரம்மர் இல்லாமல் தன் தாயுடன் வாசித்தவர். காலால் மிதிக்கும் பேஸ் டிரம்முக்குக் கட்டைவிரல், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்முக்குப் பாப் என்று டிரம்மின் வேலையையும் பேஸுக்குள் கொண்டுவந்தார். எனவே முதலில் உங்கள் பேஸ் கிட்டார் ஒரு டிரம்மாக மாறட்டும். ஸ்வரம் பிறகு வரட்டும்.

கேள்வி: ஸ்லாப்புக்கு எந்தத் தந்தி, என்ன ஈக்யூ (ஒலியின் தாழ், நடு, உச்சப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு)?

பதில்: ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி), அதுவும் புதியது. 45–105 செட் (தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கனமாகத் தோன்றினால் 40–100 போடுங்கள். இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் வகை பேஸ் என்றால் இரண்டின் வால்யூமையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். ஈக்யூவில் 500 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நடுப்பகுதியை, சற்றே குறைக்கலாம். ஒரேயடியாகக் குடைந்தெடுத்தால் தனியறையில் இனிக்கும், குழுவோடு வாசிக்கும்போது காணாமல் போகும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸரை இப்போதே வாங்காதீர்கள். இடது கை அடக்காமல் விட்ட முனகலையும் அது சேர்த்தே தூக்கிக் காட்டும்.