கழற்றி மாட்டலாம் வாங்க: குடியாத்தத்தில் மினுக்கும் பல்ப்

(வேலூர் லாங்கு பஜாரில் முப்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு 67 வயது. தனியாக இருக்கிறேன். பொங்கலுக்கு வந்த மகன் செல்போனில் எரியும் பல்ப் ஆறு வாங்கி வீடு முழுக்க மாட்டிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். போன வாரம் நடுராத்திரி கரண்ட் போய் வந்ததும், அணைத்து வைத்திருந்த ஆறும் தானாக எரிந்தன. பயந்துபோய் கூடத்துச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். அதிலிருந்து அந்தப் பல்ப் லாரி இண்டிகேட்டர் மாதிரி மினுக்குகிறது. “சுவிட்சை ஏம்மா தொட்டே?” என்று மகன் கோபிக்கிறான். தொடக்கூடாது என்றால் அது சுவரில் எதற்கு?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. அறுபது வருடமாகச் சுவிட்சைத் தட்டிப் பழகிய கை அது.

நடந்தது இதுதான். அந்தப் பல்புக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. நீங்கள் செல்போனில் அணைத்தாலும் அது தூங்குவதில்லை, வைஃபையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் சுவர் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், யாரோ சுவிட்சைப் போட்டதாக நினைத்துப் பல்ப் எரிந்துவிடும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ‘கரண்ட் போகும்போது எப்படி இருந்தாயோ, வந்த பிறகும் அப்படியே இரு’ என்று சொல்லிவைக்க நிறைய ஆப்களில் வசதி உண்டு. மகனை அதைப் போடச் சொல்லுங்கள்.

மினுக்குவது வேறு கதை. இந்த வகைப் பல்புகள் பலவற்றில், சுவிட்சை வேகமாக மூன்று நான்கு தடவை போட்டு அணைத்தால் பழைய வைஃபையை மறந்துவிட்டு, ‘என்னைப் புதிதாகச் சேர்த்துக்கொள்’ என்று மினுக்கும். நீங்கள் பயத்தில் செய்தது அதேதான். மறுபடி சேர்க்க ஒரு செல்போன் பல்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெங்களூரில் உட்கார்ந்து கோபித்து ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளை யாராவது இருந்தால், மகனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்த ஆப்பில் கணக்கு யார் நம்பரில் இருக்கிறது? மகன் நம்பரில்தான் இருக்கும். ஓடிபி அவனுக்குப் போகும், நீங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். குடும்பத்தாரைச் சேர்க்கும் வசதி பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது. உங்கள் செல்போனையும் சேர்க்கச் சொல்லுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் காலண்டர் அட்டைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

என் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. நெட் கனெக்‌ஷன்காரர் ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனார். பையன் ஆசையாக மாட்டியிருந்த நான்கு பல்பும் ஊமையாகிவிட்டன. வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வால்வு ரேடியோவையே கழற்றி மாட்டினவன் என்ற பெருமையெல்லாம் அன்றோடு போயிற்று. அரை நாள் போராடிய பிறகுதான் பிடிபட்டது: புதிய ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே, எழுத்து மாறாமல் கொடுத்தால் பல்புகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ஆனில் இருக்க வேண்டும். இந்தப் பல்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை: மாடிப்படி, பாத்ரூம், பூஜை அறை மூன்றிலும் சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பையே மாட்டிவிடுங்கள். ராத்திரி எழுந்து போகிற வழியில் செல்போனைத் தேட வேண்டியிருந்தால் அது வெளிச்சமே இல்லை. மகன் ஆசைக்குக் கூடத்தில் மட்டும் இருக்கட்டும். அங்கேயும் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும் என்றால், சுவிட்ச் போர்டுக்குள் வைக்கிற ஸ்மார்ட் ரிலே கிடைக்கிறது. பல்ப் சாதாரணமானது, புத்தி போர்டுக்குள். கையாலும் தட்டலாம், செல்போனிலும் தட்டலாம். அதில் நிறைய வகைக்கு போர்டில் நியூட்ரல் வயர் வேண்டும், சில பழைய வீடுகளில் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ‘பீப்’ என்கிறது, வேலை செய்யவில்லை. போர்டு போய்விட்டதா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: போர்டைக் கழற்றுவதற்கு முன்னால், பேரப்பிள்ளைகள் வந்து போனார்களா என்று யோசியுங்கள். சைல்டு லாக் விழுந்திருக்கும். பூட்டு அல்லது குழந்தை முகம் போட்ட பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் மெக்கானிக்.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பில் வெண்கலப் பானை சூடாகவே மாட்டேன் என்கிறது. அடுப்பு கோளாறா?
– வாசகி, ஆரணி

பதில்: அடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. பானையின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இந்த அடுப்பில் சூடாகும். வெண்கலம், பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு எதுவும் ஆகாது. அடியில் தனித் தகடு இல்லாத அலுமினியமும் அப்படித்தான். இரும்பு தோசைக்கல் சூடாகும், ஆனால் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறிவிடும். வெண்கலப் பானைப் பொங்கலைக் கேஸ் அடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ருசியும் அங்கேதான் வரும் என்பது என் கட்சி.