ஆட்டைப் பிரித்து அடைத்தும் நோய் நிற்கவில்லையே? – கால்நடைக் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் 70 செம்மறி இருக்கிறது. தீபாவளி மழை முடிந்த கையோடு காய்ச்சல் வந்து, உதடு வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, தீனி எடுக்காமல் நின்றன. டாக்டர் நீலநாக்கு என்றார். நோய் கண்டவற்றைத் தனிப் பட்டியில் அடைத்து, தண்ணீர்த் தொட்டிகூட வேறாக வைத்தேன். அப்படியும் 15 நாளில் நன்றாக இருந்த பக்கத்தில் புதிதாக 8 ஆடு படுத்துவிட்டது. கூட மேய்கிற வெள்ளாட்டுக்கும் வீட்டு மாட்டுக்கும் ஒன்றுமே இல்லை. மந்தையோடு வந்து வயலில் கிடை போடுகிற வெளியூர்க் கிடைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஊரில் பேச்சு. உண்மையா? (வாசகர், கமுதி பகுதி)

பதில்: கிடைக்காரர்கள் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. நீங்கள் பிரித்து அடைத்ததும் தப்பில்லை, ஆனால் இந்த நோய்க்கு அது பத்தாது. ஆட்டுக்கொல்லி நோய் என்றால் மூச்சும் சளியும் பட்டாலே அடுத்த ஆட்டுக்கு வந்துவிடும், அதற்குப் பிரித்து அடைப்பது நல்ல வழி. நீலநாக்கு அப்படி நேராகத் தாவுவதில்லை, நடுவில் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் குலிகாய்டஸ் என்கிற குட்டிப் பூச்சி. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கையில் உட்கார்ந்தால் மிளகுத்தூள் சிந்தின மாதிரி தெரியும். கொசுவைப் போலவே இதிலும் பெண் பூச்சிதான் ரத்தம் குடிக்கும், அதுவும் பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரைக்கும்.

இப்போது உங்கள் 15 நாள் கணக்குக்கு வருவோம். நோயுற்ற ஆட்டைக் கடித்த பூச்சி உடனே அடுத்த ஆட்டுக்கு நோயைக் கொடுத்துவிடாது. குடித்த ரத்தத்தில் இருக்கிற வைரஸ் அதன் வயிற்றில் பெருகி எச்சில் சுரப்பிக்கு ஏற நம் ஊர் வெக்கையில் ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதன்பிறகு சாகிற வரைக்கும் கடிக்கிற ஆட்டுக்கெல்லாம் வைரஸை ஏற்றும். கடிபட்ட ஆட்டுக்குக் காய்ச்சல் காட்ட இன்னும் ஒரு வாரம் போல ஆகும். கூட்டிப் பாருங்கள், சரியாக வருகிறதா? நீங்கள் படலை இழுத்துக் கட்டின அன்றைக்கே பூச்சி தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

அப்புறம், மாட்டுக்கு ஒன்றுமில்லை என்கிறீர்களே, அங்கேதான் விஷயமே இருக்கிறது. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இந்த வைரஸ் தொற்றும், ஆனால் பெரும்பாலும் வெளியே காட்டாது. மாட்டின் ரத்தத்தில் அது இரண்டு மாதம் வரைகூடத் தங்கும். மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும், பூச்சி அதைக் கடித்துவிட்டு வந்து செம்மறியைக் கடிக்கும். கிடை ஆட்டோடும் நோய் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. கிடையே வராத ஊரிலும் வரும் என்பதுதான் என் பேச்சு. இந்தப் பூச்சி தானாக அதிக தூரம் பறக்காது, காற்று அடித்துக்கொண்டு போனால் கடலையே தாண்டிவிடும். 2006 ஆகஸ்டில் நெதர்லாந்தில் இந்த நோய் தலைகாட்டியது, குளிர் தேசமாயிற்றே என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. மறு வருஷமே கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் வந்து நின்றது. காற்றில் போன பூச்சிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: பட்டியைச் சுற்றிக் கொசுவலை கட்டலாமா? சாயந்தரம் மூட்டம் போட்டால் போதுமா? (வாசகி, விளாத்திகுளம்)

பதில்: சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக இது சுலபமாக நுழைந்துவிடும், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். வேப்பந்தழை, நொச்சி போட்டு மூட்டம் போடுவது நல்லதுதான், புகை இருக்கிற வரைக்கும் பூச்சி விலகும், நடுராத்திரியில் அணைந்ததும் திரும்பி வரும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது சேறு. சாணியும் மூத்திரமும் கலந்து நசநசவென்று கிடக்கிற மண்ணில்தான் இது முட்டையிடும். தொட்டியில் தண்ணீர் வழிகிற இடம், மாட்டுக் கொட்டகை ஓரம், கரிசலில் மழைத்தண்ணீர் வடியாமல் நிற்கிற பள்ளம், இதையெல்லாம் மண் போட்டு மேடாக்கிக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பட்டியை மேட்டு நிலத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ராத்திரி திறந்த வெளியில் விடாமல் கூரைக்குக் கீழே அடைத்தால் கடி குறையும்.

கேள்வி: மனுசருக்கு வருமா? கறி சாப்பிடலாமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: மனுசருக்கு வராது. அதற்காகக் காய்ச்சலில் கிடக்கிற ஆட்டையோ, ஊசி மருந்து ஏறின ஆட்டையோ அவசரமாக அறுக்காதீர்கள். செத்ததை ஆழமாகப் புதையுங்கள்.

கேள்வி: ஆட்டுக்கொல்லி ஊசி போட்டிருக்கிறோமே, அது இதற்குக் கேட்காதா? (வாசகர், சாயல்குடி)

பதில்: கேட்காது, அது வேறு வைரஸ். நீலநாக்கிலேயே இருபதுக்கு மேல் வகை உண்டு, ஒரு வகை வந்து பிழைத்த ஆட்டுக்கு அடுத்த வருஷம் வேறு வகை வரலாம். நம் நாட்டில் செய்கிற நீலநாக்குத் தடுப்பூசியில் 1, 2, 10, 16, 23 என்று ஐந்து வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள். மழை இறங்கின பிறகு ஓடிப் பிரயோஜனமில்லை, உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற நாள் பிடிக்கும், அதனால் ஆடி, ஆவணியிலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். போடும்போது ஒரே ஊசியால் பட்டி முழுக்கக் குத்த விடாதீர்கள், பூச்சி செய்கிற வேலையை அந்த ஊசியும் செய்யும்.

வந்துவிட்ட ஆட்டுக்கு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டாக்டர் போடுகிற ஆன்டிபயாடிக், புண்ணில் வேறு கிருமி ஏறாமல் இருப்பதற்கு. வெயில் படாமல் நிழலில் கட்டுங்கள், வாயைப் பொட்டாசியம் பர்மாங்கனேட் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீரில் கழுவிப் போரோகிளிசரின் தடவுங்கள், கம்பங்கூழோ ராகிக்கூழோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள், மூக்கில் ஏறாமல் பார்த்து. நொண்டுகிற ஆட்டின் குளம்புக்கு மேலே சிவப்புக் கோடு தெரிந்தால் அதை மேய்ச்சலுக்கு நடத்தாதீர்கள். கோமாரியா, ஆட்டுக்கொல்லியா, இதுவா என்று சந்தேகமாக இருந்தால் நீங்களே முடிவு கட்டாமல் 1962க்குப் போன் போடுங்கள், ரத்தம் எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடும்.