பட்டம் வாங்கியாச்சு, அப்புறம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் 18 வருடம் ஓட்டிவிட்டேன். புதிதாகப் பட்டம் வாங்கியவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, படிப்பு முடிந்து 8 மாதம் ஆகிறது. இன்னும் வேலை இல்லை. இந்த இடைவெளி கடைசிவரை கறையாக ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. 8 மாதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைப் பற்றிக் கேட்டவுடன் உங்கள் முகம் தொங்கிப்போனால்தான் எதிரில் இருப்பவர் யோசிப்பார். "தேடிக்கொண்டிருந்தேன், நடுவில் இன்னதைக் கற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். தேதியை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். இடைவெளிக்காக நான் யாரையும் நிராகரித்ததில்லை, பொய்த் தேதிக்காக நிராகரித்திருக்கிறேன்.

தேடுகிற விதத்தையும் பாருங்கள். நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். "அடிக்கடி" என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எப்போதாவதோ அபூர்வமாகவோ சந்திக்கிற ஒருவர் மூலம் கிடைத்திருந்தது. பதில் சொன்னவர்கள் 54 பேர்தான் என்பதால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் உயிர் நண்பனுக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் படித்துப் போன சீனியருக்குத் தெரிந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டு அவருக்கு நாலு வரி எழுதுங்கள்.

கேள்வி: நான் முடித்த வருடம் பார்த்து எல்லோரும் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய சீனியர்கள் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். கிடைத்த சின்ன வேலையில் சேர்ந்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க இப்படியே பின்தங்கித்தான் இருப்பேனா?

பதில்: முதலில், இது உங்கள் தவறில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஆய்வுகளே அப்படித்தான் சொல்கின்றன. கனடாவில் பட்டம் பெற்ற ஆண்களின் வருமானத்தை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்து, ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹைஸ் மூவரும் 2012-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மந்தநிலையில் படிப்பு முடித்தவர்களுக்குத் தொடக்கத்தில் வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது. 5 ஆண்டுகளில் அந்தக் குறை பாதியானது, 10 ஆண்டுகளில் கிட்டத்தட்ட மறைந்துபோனது. அமெரிக்கப் பட்டதாரிகளைப் பற்றி லிசா கான் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. அதில் 15 ஆண்டுகள் கழித்தும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

கனடாக்காரர்கள் எப்படி மீண்டார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். பெரும்பாலும் வேலை மாறித்தான். மந்தத்தில் கிடைத்த சுமாரான நிறுவனத்திலிருந்து, சந்தை தெளிந்தபோது நல்ல சம்பளம் தருகிற நிறுவனத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். அதனால் சின்ன வேலையில் சேர்ந்தது தப்பே இல்லை. அங்கேயே வேர் விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியே நிலைமை எப்படி என்று பாருங்கள். இந்த விஷயத்தில் விசுவாசம் பேசுகிற மேலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்குறைப்பு வந்த நாளில் அவர்கள் அதைப் பேசிப் பார்த்ததில்லை.

கேள்வி: முதல் வேலைக்குச் சம்பளம் கூடக் கேட்கலாமா? கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார்களோ?

பதில்: மரியாதையாக, ஒரு தடவை, காரணத்தோடு கேளுங்கள். புதியவர்களுக்குப் பல இடங்களில் நிர்ணயித்த தொகைதான், "முடியாது" என்பார்கள். அதோடு சரி. அப்புறம், கடிதம் கைக்கு வருவதற்கு முன்னால் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். வாய்வார்த்தையை நம்பி இரண்டும் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வேலை கிடைக்கவில்லை, அதனால் முதுகலை சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: நீங்கள் போக நினைக்கிற வேலைகளின் அறிவிப்புகளில் இருபதை எடுத்துப் படியுங்கள். பாதியிலாவது முதுகலை கேட்கிறார்களா? அப்படியென்றால் சேருங்கள். இல்லையென்றால் இதே கேள்வியை இரண்டு வருடம் கழித்து, கடனோடு என்னிடம் கேட்பீர்கள்.

கேள்வி: மேடம், என் மகளுக்கு 27 வயது. மூன்று வேலை மாறிவிட்டாள். அவளோடு படித்தவர்கள் கல்யாணம், வீடு, குழந்தை என்று போய்விட்டார்கள். நாங்கள் எங்கே தவறினோம்?

பதில்: அம்மா, எங்கேயும் தவறவில்லை. இன்ன வயதில் படிப்பு, இன்ன வயதில் வேலை, இன்ன வயதில் கல்யாணம் என்று ஊர் மனதுக்குள் ஓடுகிற கணக்குக்கு, அமெரிக்க உளவியலாளர் பெர்னிஸ் நியூகார்ட்டன் 1960களிலேயே 'சமூகக் கடிகாரம்' என்று பெயர் வைத்தார். இந்தக் கடிகாரத்தை ஒவ்வொரு தலைமுறையும் திருப்பி வைக்கிறது. படிப்பு நீண்டது, அதனால் வேலை தள்ளிப்போனது, அதன் பின்னால் வந்த எல்லாமே தள்ளிப்போயின. உங்கள் காலத்து முள்ளை வைத்து அவள் நேரத்தைப் பார்த்தால் தாமதமாகத்தான் தெரியும்.

மூன்று வேலை என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் கேட்பேன். ஒவ்வொரு மாற்றத்திலும் பொறுப்போ சம்பளமோ கற்றதோ கூடியதா? கூடியிருந்தால் கவலையை விடுங்கள். மூன்றிலும் ஒரே காரணத்துக்காக விலகினாள் என்றால் உட்கார்ந்து பேசுங்கள், கல்யாணப் பேச்சைக் கலக்காமல்.

கேள்வி: முதல் சம்பளம் வந்துவிட்டது. சேமிப்பை எல்லாம் முப்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்தானே?

பதில்: ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 22 வயதில் தொடங்கி வருடத்துக்கு ஒரே தொகையாக 10 வருடம் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் 32-ல் தொடங்கி, அதே தொகையை 60 வரை 28 வருடம் போடுகிறார். வளர்ச்சி ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60 வயதில் முதலாமவரிடம் ஒரு வருடத் தொகையைப் போல் சுமார் 125 மடங்கு இருக்கும். இரண்டாமவரிடம் 95 மடங்குதான். 8 சதவீதம் நிச்சயம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். அதற்காக முதல் மாதமே கஞ்சனாக வேண்டாம். வீட்டாருக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் மூன்று மாதச் செலவைக் கையில் சேருங்கள். பிடிக்காத வேலையை விட அந்தப் பணம்தான் தைரியம் கொடுக்கும்.

கேள்வி: படித்தது தாவரவியல், பார்ப்பது கணக்கு வேலை. படிப்பு வீண்தானா?

பதில்: என்னுடையது வேதியியல்!