மெல்கோயாவின் கணக்கு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில் போகிற போக்கில் “நார்வே போன்ற இரட்டை வேடக்காரர்கள்” என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒஸ்லோவில் 22 வருடமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் பெட்ரோல் காரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் 100க்கு 89 மின்சாரக் கார். எண்ணெய் விற்கிறோம், உண்மைதான். நாங்கள் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார். ரஷ்ய எரிவாயு குறைந்தபோது ஐரோப்பாவுக்குக் கை கொடுத்தது யார்? என் மாமா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வேயின் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்தவர். இப்போதும் அங்கே ஹம்மர்ஃபெஸ்ட் என்ற ஊரில்தான் இருக்கிறார். உங்கள் வரியை வாசித்துக் காட்டினேன். “இவருக்கு இந்த நாட்டைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டார்.

ரமணன், ஒஸ்லோ

அன்புள்ள ரமணன்,

மாமா கேட்டது நியாயம். அந்த வரியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், சோம்பேறித்தனமாகத்தான் எழுதியிருக்கிறேன். வேடம் போடுகிறவன் எதையாவது மறைக்க வேண்டும். உங்கள் நாடோ எண்ணெய் வருமானத்தைச் சேமித்து வைக்கும் எண்ணெய் நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை இணையத்தில் நொடிக்கு நொடி ஓடும் எண்ணாகவே காட்டுகிறது. அந்தச் சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நார்வேயையும் விட்டுவிட்டு, உங்களைப் போல நோர்வே என்றே எழுதுகிறேன்.

கார் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டு. பெட்ரோல் காருக்கு எடைக்கும் புகைக்கும் வரி, அதற்கு மேல் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரி. மின்சாரக் காருக்கு அந்த 25 சதவீதத்தை 2001லேயே எடுத்துவிட்டார்கள். விலை உயர்ந்த கார்களுக்கு மட்டும் 2023இல் கொஞ்சம் திரும்பி வந்தது. நடுவில் ஆட்சிகள் மாறின, சலுகை மாறவில்லை. நம் ஊரில் ஆட்சி மாறினால் பேருந்தின் நிறமே மாறிவிடுகிறது! ஆனால் இத்தனை வருட வரி வருமானத்தை ஓர் அரசு விட்டுக்கொடுக்க முடிந்ததற்கு எண்ணெய்ப் பணமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நீங்கள் மறுக்கலாம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். புகை எந்த நாட்டில் எழுகிறதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது ஐ.நா. முறை. வட கடலில் எடுத்த எண்ணெய் ஜெர்மனியில் எரிந்தால் அது ஜெர்மனியின் பாவம். நோர்வேக்குள் எழும் புகை ஆண்டுக்கு ஏறத்தாழ நாலரைக் கோடி டன். அது விற்கும் எண்ணெயும் எரிவாயுவும் வெளியே எரிந்து எழுப்புவது அதைப்போல் சுமார் பத்து மடங்கு. இந்தப் பத்து மடங்கு உங்கள் பேரேட்டில் ஏறுவதே இல்லை.

இதை விளங்கிக்கொள்ள உங்கள் மாமாவின் ஊருக்கே போகலாம். ஹம்மர்ஃபெஸ்டுக்கு எதிரே மெல்கோயா என்று ஒரு சின்னத் தீவு. ஸ்னோவித் என்ற கடலடி எரிவாயு வயலிலிருந்து வரும் எரிவாயுவை அங்கே குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். குளிரவைக்க மின்சாரம் வேண்டும். அதற்காக அந்த எரிவாயுவிலேயே ஒரு பகுதியை எரிக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் எட்டரை லட்சம் டன் கரியமில வாயு. 2030க்குள் 55 சதவீதம் குறைப்போம் என்று சொல்லிவிட்ட அரசுக்கு இது கண்ணை உறுத்தியது. எரிவாயுவுக்குப் பதில் கரையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் கொடுக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தார்கள்.

மிச்சமாகும் எரிவாயு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் கப்பலில் ஏறி எங்கோ ஓரிடத்தில் எரியும். நோர்வேயின் கணக்கில் எட்டரை லட்சம் டன் குறைந்துவிடும். வானத்தின் கணக்கில் எவ்வளவு குறையும்? அந்த எரிவாயு வேறு எங்கோ நிலக்கரியை விரட்டினால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, விதிப்படிதான் எழுதுகிறார்கள். அதனால்தான் இரட்டை வேடம் என்ற சொல் இங்கே உதவவில்லை.

அந்த மின்சாரத்துக்குப் புதிய மின்பாதை வேண்டும், காற்றாலைகளும் வேண்டும். இரண்டும் வடக்கின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்கள் கலைமான் (ரெயின்டீர்) மேய்க்கும் நிலத்தில்தான் வர வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே குளிர்காலத்தில் பனிக்குப் பதில் மழை பெய்து, அது உறைந்து தரையில் ஓடு போல மூடிக்கொள்கிறது. கலைமான் தோண்டித் தின்னும் பாசி (நாம் பிரியாணிக்குப் போடும் கல்பாசிக்கு உறவு) அடியில் சிக்கிக்கொள்கிறது. வெப்பமாதலால் ஓர் அடி, வெப்பமாதலைத் தடுக்கிறோம் என்பதால் இன்னொரு அடி.

நோர்வேயின் நடுப்பகுதியில் இருக்கும் ஃபோசன் தீபகற்பத்தின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே 151 காற்றாலைகளுக்குக் கொடுத்த உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் கழித்து, சாமி இளைஞர்கள் தங்கள் மரபு உடையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு எரிசக்தி அமைச்சகத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு அப்புறம்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. பிறகு இழப்பீட்டோடு உடன்பாடு வந்தது. காற்றாலைகள் நிற்கவில்லை.

நீங்கள் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார் என்பதில் பாதி உண்மை. 2022இல் ஐரோப்பாவுக்கு அந்த எரிவாயு தேவைப்பட்டது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வாதம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் எண்ணெய்க்குத்தான் பொருந்தும். நோர்வேக்கு வடக்கே பாரன்ட்ஸ் கடலில் இன்று புதிதாகத் தேடுவது இன்னும் பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் கரைக்கு வரும். அப்போது ஐரோப்பாவுக்கு எரிவாயு வேண்டாம் என்றுதானே எல்லோரும் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

மாமாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். கூடவே ஒன்று கேட்க வேண்டும். வடக்கே மின்சாரம் தெற்கைவிட மலிவு, மெல்கோயாவுக்குக் கம்பி போனால் அந்த விலை ஏறிவிடும் என்று ஃபின்மார்க்கில் பலர் பயப்படுகிறார்கள். அவர் வேலை பார்த்தது போன்ற மீன் ஆலைகளும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அவர் என்ன சொல்கிறார்? திட்டிச் சொன்னாலும் அப்படியே எழுதி அனுப்புங்கள், போடுகிறேன்.